வாரேன்னு சொல்லிட்டுப் போனவ

இங்க தள்ளி உக்காரு தாயி. அங்கன வெயிலு மொகத்துல அடிக்கும். பஸ்ஸு இப்போதைக்கு வராது. இந்த ரூட்டுக்காரன் உச்சி சாஞ்ச பொறவுதான் தலையக் காட்டுவான்.

ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. நான் அந்தப் புளியமரத்துலருந்து இங்க நடந்து வந்தேம்லா, அப்ப எனக்குப் பின்னால ஏதும் சத்தம் கேட்டுச்சா? செருப்ப இழுத்துக்கிட்டு யாரோ நடக்க மாதிரி? சர்ரு, சர்ருன்னு? நீ போனப் பாத்துக்கிட்டு இருந்த, கவனிச்சிருக்க மாட்ட. இப்பக் கேக்காது. நான் உக்காந்தா அவளும் உக்காந்துருவா. நான் எந்திரிச்சி நடந்தாத்தான் அவளும் நடப்பா.

பயப்படாத. உன்னைய ஒண்ணும் செய்ய மாட்டா. அவளுக்கு நாந்தான் வேணும்.

பெரியாஸ்பத்திரிக்கா போற? அம்மைய அங்க சேத்திருக்கா? சரியாப் போயிரும், கலங்காத. நான் அதையும் தாண்டிப் போணும், கடைசி ஸ்டாப்பு. அங்க ஒரு கோடாங்கி இருக்காராம். உடுக்கடிச்சி, செத்தவ பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிப் போட்டுருவாராம். அதான் இந்தப் பையில தேங்கா, எலுமிச்சம்பழம் எல்லாம். இவளக் கட்டச் சொல்லணும். என்னால இனி முடியாது தாயி.

எம்பேரு வேலம்மா. ஆனா எங்க ஊருல வேலம்மா வீடு எங்கன்னு கேட்டா முழிப்பாவ. எலக்காரி வீடுன்னு கேட்டாத்தான் கையக் காட்டுவாவ. சொறி, செரங்கு, படர்தாமரை, பச்சப் பிள்ளைக்கு வாற கரப்பான், தேமலு, எல்லாத்துக்கும் எங்கிட்டதான் வருவாவ. வருவாவன்னு சொல்லுதேன் பாரு. வந்தாவ. இப்ப ஒரு காக்கா குருவி எட்டிப் பாக்கதில்ல.

நான் ஒண்ணும் ஏமாத்துக்காரி இல்ல. குப்பைமேனியும் மஞ்சளும் கல்லுப்பும் வெச்சி அரைச்சிப் பூசி, வெயில்ல நிக்க வெச்சிக் குளிப்பாட்டுனா செரங்கு நிக்காது. படர்தாமரைக்கு வண்டுகடி எலைய எலுமிச்சஞ்சாறு விட்டு அரைச்சித் தேய்க்கணும். எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு தொடையிடுக்குச் சொறிய நாந்தான் சொகமாக்குனேன். மனுசன் வெளிய சொல்ல மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். இந்தா, உங்கிட்ட சொல்லிட்டேன். நீ என்ன எங்க ஊருக்கா வரப் போற?

இதெல்லாம் சும்மா எல. தேமலுக்கும் வெள்ளத் தழும்புக்கும் மட்டும் ஒரு வேரு உண்டு. பேரு கேக்காத, பேரு சொன்னா பலிக்காது. எங்க வீட்டுக்குப் பின்னால வேலியோரமா நிக்கி. வெள்ளப் பூவு. பூவுக்கு அடியில பச்சையா பிசுபிசுன்னு இருக்கும், பக்கத்துல போனாலே சேலையில ஒட்டிக்கிடும். அந்த வேர அரைச்சித் தொட்டு வெச்சா, அடுப்புக் கங்க எடுத்து வெச்சாப்ல எரியும். மீசையும் கீசையுமா வந்த ஆம்பளையெல்லாம் அம்மான்னு அலறியிருக்கான். அலறணும். அதான் எங்க கணக்கு. அலறுனா சீக்கு எறங்குதுன்னு அர்த்தம், ஒடனே தொடச்சி எடுத்துட்டு வெண்ணெயத் தடவிருவேன். அலறலைன்னா சீக்கு உள்ள ஆழமா உக்காந்திருக்குன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் வெக்கணும். எங்க அம்மை அப்படித்தான் செஞ்சா, அவளப் பெத்தவளும் அப்படித்தான் செஞ்சா.

அப்புறம் இன்னொண்ணு. மருந்து வெச்சிக்கிட்டுப் போறவ வாரேன்னு சொல்லக் கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது. பேசாம எந்திரிச்சிப் போயிரணும். வாரேன்னு சொன்னா சீக்கும் கூட வரும்லா. எங்க ஊருல பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

முப்புடாதிக்கு மட்டும் அது மண்டையில ஏறல.

அவதான். எனக்குப் பின்னால நடக்காளே, அவதான் முப்புடாதி. பக்கத்து வீட்டுக் குத்தாலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. என்னைய விட ரொம்ப எளையவ. நானும் அவளும் வேப்பமரத்து நெழல்ல, சொளவ மடியில வெச்சிக்கிட்டு, வருசக்கணக்கா ஒண்ணா உக்காந்து பீடி சுத்துனோம். முட்டி முட்ட உக்காந்திருப்போம். ஒரு டம்ளர்ல டீய வாங்கி ரெண்டு பேரும் குடிப்போம். எம் பையனுவ ரெண்டு பேரும் பொண்டாட்டிகளோட திருப்பூர்ல. வீட்டுல மனுசச் சத்தம்னா அது அவ சத்தந்தான். பீடிக்கடைக்காரன் மாதிரியே தொண்டையச் செருமி, "ஏளா, இது பீடியா, முருங்கக்காயா?"ன்னு கேட்டுக் காட்டுவா. சிரிச்சிச் சிரிச்சி என் சொளவுலருந்து தூளு கொட்டிரும்.

ஒருநா சேலையத் தூக்கிக் கணுக்காலுக்கு மேல காட்டுதா. வெத்தல அகலத்துக்கு ஒரு தேமலு. வெளுத்து, செம்பட்டையா, முடியெல்லாம் கொட்டிக் கெடந்துது. "மைனி, அரிக்கவே இல்ல, ஆனா பெருசாகிட்டே போவுது. நர்சம்மாகிட்டக் காட்டுவமா?"ங்கா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. எங்கெல்லாமோ இருந்து ஆளு வருது எங்கிட்ட. பக்கத்து வீட்டுக்காரி, எம் மடிக்கு மடி உக்காந்திருக்கவ, தேமலுக்கு நர்சம்மாகிட்டப் போனா ஊரு என்னைய என்ன நெனைக்கும்? "ஏட்டி, நான் செத்தா போயிட்டேன்?"னு சத்தம் போட்டேன். பாவம், வாயப் பொத்திக்கிட்டா.

அன்னைக்கே வேரத் தோண்டி அரைச்சேன். "எரியும், பல்லக் கடிச்சிக்கோ"ன்னு சொல்லித்தான் வெச்சேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? பீடி எலையக் கத்திரிச்சிக்கிட்டே இருக்கா. குத்தாலத்தோட தங்கச்சி வளைகாப்புல நடந்த சண்டைய முழுசாச் சொல்லி முடிச்சிட்டா. அப்புறம் நிமிந்து பாத்துக் கேக்கா, "எப்ப மைனி எரியும்?"

பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமைய நான் கண்டதில்ல தாயி. நான் அவ தலையத் தடவி விட்டேன். பெத்த தாயி பால் குடுத்து வளத்திருந்தா இப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்.

ஆனா அவ கத்தல. கத்தலைன்னா என்ன அர்த்தம்? சீக்கு எறங்கல. அதனால அடுத்த தடவ வேரக் கூடப் போட்டு அரைச்சேன். அதுக்கும் அவ வாயத் தொறக்கல. தோலு கொப்புளிச்சி, உரிஞ்சி, உள்ள செவப்பாத் தெரிஞ்சிது. எனக்கே பாக்க முடியல, அவ சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. அது ஆறுனதும் மறுபடி வெச்சேன். ஆறாமயும் வெச்சேன். எவளுக்காச்சும் நான் இவ்வளவு பாடுபட்டிருக்கேனா? கூடப் பெறந்தவளா நெனைச்சித்தான் செஞ்சேன்.

ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கும்போது, "வாரேன் மைனி"ம்பா. "சவத்து மூதி, சொல்லாதன்னா கேக்க மாட்டியா?"ன்னு ஏசுவேன். நாக்கக் கடிச்சிக்கிடுவா. கடிச்சிக்கிட்டு, வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துச் சிரிப்பா. ரெண்டு தப்பு. இன்னைக்கு நான் இப்படி அல்லாடுதேன்னா அந்த ஒத்தச் சொல்லாலதான்.

தண்ணி வெச்சிருக்கியா? ஒரு வாயி குடு. ஆ, போதும்.

அப்பத்தான் செருப்புக் கூத்து ஆரம்பிச்சிது. ஒருநா வேலிக்குப் போனா, எஞ்செடிக்குப் பக்கத்துல ஒத்தச் செருப்புக் கெடக்கு. நீல வாரு, முப்புடாதி செருப்பு. மருந்துச் செடிக்குப் பக்கத்துல செருப்பப் போடலாமா? செடி பட்டுப் போவும்லா. "ஏட்டி முப்புடாதி!"ன்னு கத்துனேன். வெளிய வாறா. ஒரு கால்ல செருப்பு, இன்னொரு காலு வெறுங்காலு. நான் கையில தூக்கிக் காட்டுதேன். அவ குனிஞ்சி தன் காலையே பாக்கா. யாரு காலையோ பாக்க மாதிரி பாக்கா. "எப்பக் கழண்டுச்சு மைனி?"ன்னு எங்கிட்டக் கேக்கா.

"உங்காலு, உஞ்செருப்பு, எங்கிட்டக் கேக்கியா? நல்லாருக்குட்டி கத"ன்னேன். அன்னைக்கு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

பொறவு அது வாடிக்கையாப் போச்சு. குழாயடியில கெடக்கும், பீடிக்கடை வாசல்ல கெடக்கும். பிள்ளைக எடுத்தாந்து குடுக்கும். அப்புறம் காலை இழுக்க ஆரம்பிச்சா. முன்பாதம் தொங்கிரும், தூக்கி வெக்க மாட்டா. சர்ரு, சர்ருன்னு தெருவுல வரும்போதே தெரியும், முப்புடாதி வாறான்னு. பீடியும் கெட்டுது. நுனிய நகத்தால மடக்கணும்லா, அவளுக்கு மடங்க மாட்டேங்கு. கடைக்காரன் பூராத்தையும் கழிச்சி வீசிட்டான். "புத்தி எங்கட்டி மேயுது?"ன்னு நான்கூட ஏசுனேன். "வெரலு சொன்னாக் கேக்க மாட்டேங்கு மைனி"ன்னு சொல்லி அழுதா. அவ அழுது நான் பாத்தது அப்பத்தான்.

ஒரு மத்தியானம், எங்க முத்தத்துல ரத்தத் தடம். வாசல்லருந்து வேப்பமரம் வர சொட்டுச் சொட்டா. ஏதோ நாய் கோழியக் கடிச்சிட்டுப் போயிருக்குன்னு ரெண்டு பேரும் கூடைய எல்லாம் தூக்கித் தூக்கிப் பாக்கோம். அவளும் தேடுதா. தேடுன எடமெல்லாம் ரத்தம். பொறவுதான் பாத்தேன், அவ உள்ளங்காலுல கருவமுள்ளு. முழு முள்ளு, ஏறி நிக்கி. எத்தன நேரமா அதோட நடந்தாளோ.

முள்ளப் பிடுங்கி எல அரைச்சிக் கட்டுனேன். காலு வீங்குச்சு. மேல ஏற்கெனவே வேரு வெச்ச புண்ணு, கீழ இந்த முள்ளுக்குத்து. ரெண்டும் சேந்துட்டு. காச்சல் அடிச்சி, வாயில என்னமோ ஒளற ஆரம்பிச்சதும் குத்தாலம் வேன் பிடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வேன்ல ஏத்தும்போது நான் பக்கத்துல நின்னேன். கண்ணத் தொறந்தா. எங்கையப் பிடிச்சா. "வாரேன் மைனி"ன்னா.

நான் அன்னைக்கு ஏசல.

துணியச் சுத்திக் கொண்டாந்தாவ.

அதோட முடிஞ்சிதா? இல்ல. அந்த நர்சம்மா, ஜெசிந்தான்னு பேரு, கேதத்துக்கு வந்தா. வந்தவ அழுதுட்டுப் போவேண்டியதுதான? முத்தத்துல நின்னு, அத்தன பேரு முன்னால எம் மொகத்தப் பாத்துச் சொல்லுதா. "அது தேமல் இல்ல வேலம்மா. தொழுநோய். அந்தத் தோலுல உணர்ச்சி செத்துப் போவும். நரம்பு கெட்டா வெரலும் மடங்காது, பாதமும் தொங்கிரும். சுட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது, செருப்பு கழண்டாலும் தெரியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாக்கியிருப்போம். வலிக்கலைன்னு சொன்னவ காலப் போயி, திரும்பத் திரும்பப் பொசுக்கியிருக்கீங்களே"ன்னு சொல்லிட்டு, அவ அழுதா. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வரல.

கேட்டியா தாயி? நான் பொசுக்கினேனாம். முள்ளு குத்துனதுக்கு நானா பொறுப்பு? கருவய வேலியில நட்டது நானா?

அன்னையிலருந்து ஒருத்தரும் எங்க வீட்டுப் படி ஏறல. குத்தாலம் வந்து எஞ்செடிய வெட்டிச் சாச்சான். வெட்டட்டும்னு விட்டேன். மழை விழுந்ததும் அது தன்னால துளிர்த்துட்டு. அது சாவாது. முப்புடாதிகூட இருந்தவங்க எல்லாரும் ஒரு தடவ வந்து ஒடம்பக் காட்டுங்கன்னு நர்சம்மா வீடு வீடா வந்தா. எல்லாரும் போனாவ. குத்தாலமும் போனான். நான் கதவச் சாத்திக்கிட்டேன். எம் முத்தத்துல வெச்சி என்னைய அப்படிச் சொன்னவ முன்னால நான் சேலையத் தூக்கிக் காட்டணுமா? செத்தாலும் மாட்டேன்.

அப்புறம் ரெண்டு மூணு வருசம் ஒண்ணும் இல்ல. இந்தக் கோடையிலதான் அவ வந்தா.

உச்சி வெயிலு. குழாயடியிலருந்து கொடத்தோட வாறேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. பின்னால சர்ரு. நின்னேன். அதுவும் நின்னுட்டு. நடந்தேன். சர்ரு, சர்ரு. தெரியாமலா போவும் அந்தச் சத்தம்? எத்தன வருசம் கேட்ட சத்தம். திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல, மண்ணுல நீளமா ஒரு கோடுதான் கெடக்கு. கொடத்த அங்கனயே போட்டுட்டு வீட்டுக்குள்ள ஓடுனேன். வீட்டுக்குள்ளயும் வாறா. அடுப்பங்கரைக்குப் போனா கூடவே வாறா, கொல்லைக்குப் போனா கூடவே வாறா. "என்னட்டி வேணும் உனக்கு? நான் உனக்கு நல்லதுதான செஞ்சேன்?"னு நின்னு கேட்டா, சத்தம் நின்னுரும்.

எனக்குப் பயமா இருக்கு தாயி. செத்தவ வாறாளேன்னுகூட இல்ல. உசுரோட இருந்தப்ப அவ எங்கிட்ட ஒண்ணையுமே கேட்டதில்ல. ஒரு தடவகூட ஏன் மைனி, எதுக்கு மைனின்னு கேக்கல. இப்பக் கேட்டான்னா நான் என்ன சொல்ல?

இப்ப எம்பீடியையும் கெடுக்கா. நுனிய மடக்கப் போனா வெரலப் பிடிச்சி இழுக்கா. கடைக்காரன் கழிச்சிட்டான்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளு. கடவுள் என்னைய ஒரேயடியாக் கைவிட்டுரல. எங்காலுலயும் ஒரு தேமலு வந்துச்சு. வேரத் தோண்டுனேன், பழைய செடியோட வேருதான். அரைச்சி வெச்சேன். எரியவே இல்ல! எந்த வேரு மீசக்காரனையெல்லாம் அலற வெச்சிதோ, அது எம்மேல பச்சத் தண்ணி மாதிரி குளுந்து கெடக்கு. வளத்தவள அது சுடுமா? ஊரு என்னைய வெலக்கி வெச்சாலும் அந்தச் செடிக்கு என்னையத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அப்படியே கண்ணு நெறஞ்சிட்டு.

ஏன் அப்படிப் பாக்க? நர்சம்மாகிட்டக் காட்டுனேனான்னா கேக்க? நீயுமா தாயி?

போன வாரங்கூட வழியில நின்னா. நான் நடந்து வாறதையே பாத்துக்கிட்டு நின்னா. எம் மொகத்தப் பாக்கல, காலப் பாக்கா. "வேலம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் வைய மாட்டேன். நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன்"னா. கிண்டலு. இல்லைன்னா எதுக்குக் கண்ணு கலங்குன மாதிரி நிக்கணும்? நான் விறுவிறுன்னு தாண்டி வந்துட்டேன். பின்னால இவ சர்ரு சர்ருன்னு. நர்சம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்னு நெனைக்கேன். அதான் அப்படி நின்னாளோ என்னமோ.

அந்தா, பஸ்ஸு வருது. புழுதி தெரியுது பாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நிக்கணும், இங்க நிறுத்த மாட்டான். எந்திரி. என் பைய நீ பிடிச்சிக்கோ, தேங்கா கனக்கு.

இப்பக் காதக் குடுத்துக் கேளு. நான் நடக்கேன். நீ பின்னால வா.

கேக்குதா?

கேக்குதுல்லா! அய்யோ, உனக்கும் கேக்கு! எம் பையனுவ எனக்குக் கோட்டி பிடிச்சிட்டுங்கானுவ தாயி, போன்ல சொன்னாச் சிரிக்கானுவ. நீ சொல்லு, கேக்குதுல்லா? எங்க நிக்கா? எனக்குப் பின்னாலயா, பக்கத்துலயா? நீ ஏன் கீழயே பாக்க? மண்ணுல என்ன இருக்கு? என்னைய விடு, அவளப் பாரு.

வா தாயி, வெரசா வா, கண்டக்டரு விசில் ஊதுதாரு. ஏன் அங்கனயே நின்னுட்ட? என்னத்தக் குனிஞ்சி எடுக்க? கையில என்ன அது? செருப்பா? யாரு செருப்பு?

இது... இது எப்பக் கழண்டுச்சு தாயி?